மாநிலம் விட்டாலும் மத்திய சட்டம் விடாது: அமெரிக்காவின் கஞ்சா விவாதம்

2002 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் ஒரு வீட்டுக்கு இரண்டு தரப்பு அதிகாரிகள் வந்தார்கள். உள்ளூர் ஷெரிஃபின் ஆட்கள் ஒரு தரப்பு, மத்திய அரசின் போதைப்பொருள் தடுப்பு அமைப்பான டிஇஏவின் ஆட்கள் இன்னொரு தரப்பு. அந்த வீட்டுப் பெண் தீராத முதுகுவலிக்காக, டாக்டரின் பரிந்துரையோடு ஆறு கஞ்சாச் செடிகள் வளர்த்து வந்தார். உள்ளூர் அதிகாரிகள் விசாரித்துவிட்டு, மாநிலச் சட்டப்படி இதில் தப்பே இல்லை என்றார்கள். டிஇஏ கேட்கவில்லை. மூன்று மணி நேர இழுபறிக்குப் பிறகு ஆறு செடிகளையும் பறிமுதல் செய்து அழித்துவிட்டார்கள்.

அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கொன்சாலெஸ் எதிர் ரைச் என்ற அந்த வழக்கில் 2005இல் 6-3 என்று தீர்ப்பு வந்தது, மத்திய அரசுக்குச் சாதகமாக. அதன் அடிப்படை கொஞ்சம் விநோதமானது. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு உண்டு. தன் தேவைக்குத் தானே வளர்க்கும் செடிகூட நாடு தழுவிய சந்தையைப் பாதிக்கும், ஆகவே அதுவும் அந்த அதிகாரத்துக்குள் அடக்கம் என்றது நீதிமன்றம். சொந்த உபயோகத்துக்குக் கூடுதலாகக் கோதுமை விளைவித்த ஒரு விவசாயி மீதான 1942ஆம் ஆண்டு வழக்குதான் இதற்கு முன்னோடி. அந்தப் பெண் எதையும் விற்கவில்லை, எதையும் மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோகவில்லை. ஆனாலும் அது மாநிலங்களுக்கு இடையிலான வணிகம்தான்.

இன்று 24 மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டன் டிசியிலும் 21 வயதைத் தாண்டியவர்கள் மருத்துவக் காரணம் எதுவும் இல்லாமலே கஞ்சா வைத்துக்கொள்ளலாம். மருத்துவத்துக்கு அனுமதி தரும் மாநிலங்கள் இன்னும் அதிகம். கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனம் 1969இல் முதன்முதலாகக் கேட்டபோது சட்டபூர்வமாக்கலாம் என்றவர்கள் 12 சதவீதம், 2023இல் 70 சதவீதம். ஆனால் அந்த ஆறு செடிகளை அழிக்க இடம் கொடுத்த சட்டமும் தீர்ப்பும் அப்படியேதான் இருக்கின்றன. கஞ்சா வைத்திருந்ததற்கு மத்திய சட்டப்படி முதல் தடவையே ஓராண்டு வரை சிறையும் குறைந்தது 1,000 டாலர் அபராதமும் விதிக்கலாம். 'அமெரிக்காவில் கஞ்சாவை அனுமதிக்கலாமா' என்று இன்னமும் தொலைக்காட்சியில் விவாதிக்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பாதி நாடு பதில் சொல்லிவிட்டது. வாஷிங்டன் தீர்மானிக்காமல் வைத்திருப்பது, யார் விற்பது, எவ்வளவு வீரியத்தில் விற்பது, லாபம் யாருக்குப் போவது என்பதைத்தான். அது வாயைத் திறக்காததால் சந்தை தன் இஷ்டத்துக்கு அதையெல்லாம் தீர்மானித்துக்கொண்டிருக்கிறது.

மத்திய அரசுத் தடையின் வரலாறு 1937இல் தொடங்குகிறது. அன்று வந்தது நேரடித் தடை இல்லை, ஒரு வரிச் சட்டம். போதைப்பொருள் துறையின் தலைவர் ஹாரி ஆன்ஸ்லிங்கர் அதற்காக நடத்திய பிரசாரத்தில் அறிவியலைவிட இனவெறியும் பீதியும்தான் அதிகம். 1969இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. அடுத்த ஆண்டே கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள் சட்டம் வந்தது. போதை தரும் மருந்துகளையெல்லாம் ஐந்து அட்டவணைகளாகப் பிரித்தார்கள். முதல் அட்டவணை என்றால் மருத்துவப் பயன் எதுவும் இல்லை, அடிமையாக்கும் ஆபத்து அதிகம் என்று பொருள். ஹெராயினோடு கஞ்சாவும் அதில் சேர்ந்தது. கோகெய்ன், மெத்தாம்ஃபெட்டமைன், ஃபென்டனில் எல்லாம் அதற்கு ஒருபடி கீழே, இரண்டாவது அட்டவணையில்.

பலருக்குத் தெரியாத விஷயம், முதல் அட்டவணையில் கஞ்சாவை வைத்தது தற்காலிக ஏற்பாடாகத்தான். ஆய்வுகள் முடியும் வரையாவது அங்கேயே இருக்கட்டும் என்று சுகாதாரத் துறை 1970இல் காங்கிரஸுக்குக் கடிதம் எழுதியது. அதற்கென்று ஒரு ஆணையமும் அமைத்தார்கள். பென்சில்வேனியாவின் முன்னாள் ஆளுநர் ரேமண்ட் ஷேஃபர் தலைமையிலான அந்த ஆணையம், சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் வைத்திருப்பதைக் குற்றமாகக் கருத வேண்டாம் என்று 1972இல் அறிக்கை கொடுத்தது. அதிபர் நிக்சன் அதைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டார். தற்காலிகம் அரை நூற்றாண்டாக நீண்டது.

அதற்குள் ஒரு சுற்று விளையாட்டும் நடந்தது. அட்டவணையை மாற்ற ஆய்வு வேண்டும். ஆனால் முதல் அட்டவணைப் பொருளை ஆய்வு செய்வதற்கு அனுமதி கிடைப்பதே குதிரைக்கொம்பு. 1968இலிருந்து 2021 வரை ஆய்வுக்கான கஞ்சாவைச் சட்டப்படி விளைவித்த ஒரே இடம் மிஸிஸிப்பி பல்கலைக்கழகம். இதற்கிடையே, கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி என்ற வேதிப்பொருளையே ஆலையில் செயற்கையாகத் தயாரித்து மாத்திரையாக விற்க 1985இல் அனுமதி கிடைத்தது. 1999 முதல் அந்த மாத்திரை மூன்றாவது அட்டவணையில் இருக்கிறது. மருத்துவப் பயன் இல்லாதது செடிக்குள் இருக்கும் டிஎச்சி மட்டும்தான் போலும்.

இந்த முரண்பாட்டோடு நாட்டை எப்படி ஓட்டுகிறார்கள்? கண்டும் காணாமல் இருந்துதான். 2013இல் மத்திய அரசின் நீதித்துறை (நீதிமன்றங்கள் அல்ல, வழக்குத் தொடரும் அமைச்சகம்) ஒரு சுற்றறிக்கை விட்டது: மாநிலங்கள் ஒழுங்காகக் கட்டுப்படுத்தினால் மத்திய அரசு பெரிதாகத் தலையிடாது. 2018 தொடக்கத்தில் அந்தத் துறையின் தலைவரான அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ் அதை ரத்து செய்தார். ஆனாலும் பெரிய கைது நடவடிக்கை எதுவும் வரவில்லை. மருத்துவக் கஞ்சாவுக்கு மட்டும் கொஞ்சம் உறுதியான பாதுகாப்பு உண்டு. மாநிலத் திட்டங்களைத் தடுக்க நீதித்துறை ஒரு பைசா செலவழிக்கக் கூடாது என்று 2014 முதல் பட்ஜெட்டிலேயே ஒரு ஷரத்தைச் சேர்த்துவிடுகிறார்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய பாதுகாப்பு அது.

தலைநகரின் நிலைமை இன்னும் வேடிக்கை. வாஷிங்டன் டிசி மக்கள் 2014இல் வாக்களித்து, கஞ்சா வைத்திருக்கலாம், வளர்க்கலாம், ஒரு அவுன்ஸ் வரை இன்னொருவருக்கு இலவசமாகக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தார்கள். ஆனால் அந்த நகரத்தின் பட்ஜெட் காங்கிரஸின் கையில். விற்பனைக்கு விதிமுறை வகுக்கப் பணம் செலவிடக் கூடாது என்று காங்கிரஸ் தடுத்துவிட்டது. விளைவு, ஸ்டிக்கரையும் டிஷர்ட்டையும் அநியாய விலைக்கு விற்கும் கடைகள் முளைத்தன. ஸ்டிக்கர் வாங்கினால் ஒரு பொட்டலம் 'அன்பளிப்பு'. விற்பதைத் தடுத்தார்கள், விற்பனை நிற்கவில்லை. விதிமுறை மட்டும்தான் இல்லாமல் போனது.

வங்கிகள் பெரும்பாலும் இந்தத் தொழிலின் பக்கமே வருவதில்லை. கஞ்சாப் பணத்தைக் கையாள்வது மத்திய சட்டப்படி சட்டவிரோதப் பணப் பரிமாற்றமாகிவிடலாம் என்ற பயம். கிரெடிட் கார்டு கிடையாது, கடன் கிடைப்பது அபூர்வம். அதனால் பல கடைகளில் கட்டுக்கட்டாக ரொக்கம். மாநில வரியைக்கூடப் பையில் கட்டிக்கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். திருடர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். இதைச் சரிசெய்யும் வங்கி மசோதா 2019 முதல் பிரதிநிதிகள் சபையில் மறுபடி மறுபடி நிறைவேறியும் செனட்டில் கரையேறவில்லை.

வரியின் கதை அதைவிட விசேஷம். மினியாபொலிஸில் போதைப்பொருள் விற்ற ஒருவர் எடை பார்க்கும் தராசு, கார் ஓட்டிய செலவு, வாடகை எல்லாவற்றையும் தொழில் செலவாகக் காட்டி 1981இல் வரி நீதிமன்றத்தில் ஜெயித்துவிட்டார். கடுப்பான காங்கிரஸ் அடுத்த ஆண்டே வருமானவரிச் சட்டத்தில் 280இ என்ற பிரிவைச் சேர்த்தது. முதல் இரண்டு அட்டவணைப் பொருட்களை விற்பவர் சரக்கின் விலையை மட்டும் கழித்துக்கொள்ளலாம், வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. இன்று மாநில உரிமம் வாங்கி, ஆட்களுக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுக்கும் கடைக்கும் இதுதான் விதி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 டாலருக்கு விற்பனை, சரக்கின் அடக்கவிலை 60, வாடகை, சம்பளம் முதலியவை 32. உண்மையான லாபம் 8 டாலர். வேறு தொழிலாக இருந்தால் 21 சதவீத நிறுவன வரி 1.68 டாலர். கஞ்சாக் கடைக்கு 40 டாலருக்கு வரி, அதாவது 8.40. லாபத்தைவிட வரி அதிகம்.

இந்தப் பிரிவைப் புரிந்துகொண்டால்தான் அண்மைக் காலச் செய்திகளின் அர்த்தம் பிடிபடும். 2022 அக்டோபரில் அதிபர் பைடன் அட்டவணையை மறுபரிசீலனை செய்யச் சொன்னார். 2023இல் சுகாதாரத் துறை மூன்றாவது அட்டவணைக்கு மாற்றலாம் என்றது. 2024 மேயில் நீதித்துறை அதற்கான வரைவு விதியை வெளியிட்டது. பிறகு விசாரணை இழுத்தடித்தது. 2025 டிசம்பரில் அதிபர் டிரம்ப் இந்த வேலையை விரைந்து முடிக்கும்படி உத்தரவில் கையெழுத்திட்டார். ஒவ்வொரு தடவையும் 'கஞ்சா சட்டபூர்வமாகிறது' என்று தலைப்பு போட்டார்கள். அது தவறு. மூன்றாவது அட்டவணைப் பொருளை டாக்டர் சீட்டோடு மருந்துக் கடையில்தான் வாங்க முடியும், அதுவும் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஒப்புதல் அளித்த மருந்தாக இருந்தால். கொலராடோவின் டென்வரில் தெருமுனைக் கடை விற்பது அப்போதும் மத்திய குற்றம்தான். மாறுவது முக்கியமாக இரண்டு: ஆய்வு சுலபமாகும், 280இ விலகும். அதாவது சிறையில் இருப்பவருக்குக் கிடைப்பதைவிடக் கடை முதலாளிக்குக் கிடைப்பது அதிகம்.

சிறை விஷயத்தில் மத்திய அரசின் கை நீளமும் குறைவுதான். கஞ்சா வைத்திருந்த குற்றத்துக்காக மத்திய சட்டப்படி தண்டிக்கப்பட்டவர்களுக்கு பைடன் மன்னிப்பு அளித்தபோது, அந்த ஒரு குற்றத்துக்காக மட்டும் மத்திய சிறையில் இருந்தவர் யாரும் இல்லை என்று அதிகாரிகளே சொன்னார்கள். கைது செய்வதெல்லாம் மாநில, உள்ளூர் போலீஸ். அந்தக் கைதுகளின் கணக்குதான் சட்டபூர்வமாக்கக் கேட்பவர்களின் வலுவான வாதம். கறுப்பின மக்களும் வெள்ளையர்களும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் கஞ்சா பயன்படுத்துகிறார்கள். ஆனால் வைத்திருந்ததற்காகக் கைதாகும் வாய்ப்பு கறுப்பினத்தவருக்கு 3.6 மடங்குக்கு மேல் என்று மனித உரிமை அமைப்பான ஏசிஎல்யூ 2020இல் கணக்கிட்டது. ஒரு கைதுப் பதிவு இருந்தால் வேலை, வாடகை வீடு இரண்டிலும் அது பின்தொடரும். குடியுரிமை இல்லாதவர்களுக்குப் பாடு இன்னும் மோசம். மாநிலம் அனுமதித்த கஞ்சாக் கடையில் வேலை பார்த்ததையே காரணம் காட்டி, நன்னடத்தை இல்லை என்று குடியுரிமை மறுக்கலாம் என 2019இல் குடியேற்றத் துறை வழிகாட்டுதல் வெளியிட்டது. கிரீன் கார்டு வைத்திருப்பவர் சம்பளத்துக்குக் கல்லாவில் உட்கார்ந்தாலே சிக்கல்.

எதிர்த்தரப்பு வாதத்தைப் பழைய ஆன்ஸ்லிங்கர் பாணி பீதி என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. இன்று கடையில் விற்பது அன்று விற்ற பொருள் இல்லை. 1995 வாக்கில் பிடிபட்ட கஞ்சாவில் டிஎச்சி சராசரியாக 4 சதவீதம். இப்போது கடைகளில் 20 சதவீதத்தைத் தாண்டிய பூ சகஜம். பிழிந்தெடுத்த எண்ணெய், மெழுகு வகைகளில் 60, 80 சதவீதம் என்று போகிறது. உபயோகிக்கும் விதமும் மாறிவிட்டது. கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜொனாதன் கால்கின்ஸ் தேசிய ஆய்வுத் தரவுகளை வைத்து 2024இல் வெளியிட்ட கணக்கு இது: தினமும் அல்லது ஏறக்குறைய தினமும் கஞ்சா பயன்படுத்துபவர்கள் 1992இல் 10 லட்சத்துக்கும் கீழே இருந்தார்கள், 2022இல் 1.77 கோடி. அதே அளவுக்குத் தினமும் குடிப்பவர்கள் 1.47 கோடிதான். எப்போதாவது ஒருநாள் இழுப்பவரை நம்பி இந்தத் தொழில் இல்லை. தினமும் வருபவர்தான் அதன் சோறு. அவருக்கு வீரியம் கூடினால்தான் திருப்தி, கடைக்கும் அதில்தான் லாபம். சாராயம், சிகரெட் கம்பெனிகள் ஏற்கெனவே போட்டுக் காட்டிய பாதை இது.

மருத்துவம் என்ன சொல்கிறது? அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2017இல் வெளியிட்ட பெரிய அறிக்கை இரு தரப்புக்கும் தீனி போட்டது. நாள்பட்ட வலி, கீமோதெரபியால் வரும் குமட்டல், மல்டிபிள் ஸ்கிளிரோஸிஸ் நோயாளிகளின் தசை இறுக்கம் ஆகியவற்றுக்குப் பலன் இருப்பதற்கு வலுவான சான்று உண்டு என்றது. அடிக்கடி பயன்படுத்துவதற்கும் மனச்சிதைவு போன்ற நோய்களுக்கும் தொடர்பு இருப்பதற்கும், வண்டி ஓட்டும்போது விபத்து கூடுவதற்கும் வலுவான சான்று உண்டு என்றும் அதே அறிக்கை சொன்னது. பதின்வயதினரிடம் பழக்கம் தாறுமாறாகப் பெருகும் என்ற பயம் மட்டும் இதுவரை கணக்கெடுப்புகளில் மெய்ப்படவில்லை. ஆனால் சின்னக் குழந்தைகள் விஷயம் வேறு. மிட்டாய் என்று நினைத்துக் கஞ்சாத் தின்பண்டத்தைச் சாப்பிட்ட, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் பற்றி விஷமுறிவு மையங்களுக்கு 2017இல் வந்த தகவல்கள் 207, 2021இல் 3,054.

மிட்டாய் என்றதும் ஹெம்ப் விவகாரம் வந்தே தீரும். என்னைக் கேட்டால் இந்த விவாதத்தில் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஹெம்ப் என்பதும் கஞ்சாச் செடிதான், போதைப்பொருள் குறைவாக உள்ள ரகம். நார், விதை, எண்ணெய் இவற்றுக்காக விவசாயிகள் பயிரிடட்டும் என்று 2018 விவசாயச் சட்டத்தில் அதைத் தடையிலிருந்து விலக்கினார்கள். காய்ந்த எடையில் டெல்டா-9 டிஎச்சி 0.3 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது வரம்பு. செடிக்கு அது சிறிய அளவு. ஆனால் 5 கிராம் எடையுள்ள ஒரு கம்மி மிட்டாயில் 0.3 சதவீதம் என்றால் 15 மில்லிகிராம். கொலராடோவில் உரிமம் பெற்ற கடை விற்கும் மிட்டாயில் ஒருவேளை அளவே 10 மில்லிகிராம்தான்! அப்புறம், சட்டம் டெல்டா-9ஐ மட்டும்தான் சொன்னது. வேதியியல் தெரிந்தவர்கள் ஹெம்பிலிருந்து டெல்டா-8 தயாரித்தார்கள், அதுவும் போதை தரும். மருத்துவக் காரணம் இல்லாமல் கஞ்சாவுக்கு அனுமதி இல்லாத டெக்ஸாஸில் ஹெம்ப் கடைகள் ஆயிரக்கணக்கில் பெருகின. பெட்ரோல் பங்கில்கூடக் கிடைத்தது. பல மாநிலங்களில் வயது வரம்பு இல்லை, பரிசோதனை இல்லை. ஆக, யாரும் விவாதிக்காமல், யாரும் உத்தேசிக்காமல், ஒரு விவசாயச் சட்டத்தின் வழியாகப் போதை தரும் கஞ்சாப் பொருட்கள் நாட்டின் பெரும்பகுதியில் நடைமுறையில் சட்டபூர்வமாகிவிட்டன. 2025 நவம்பரில் அரசு முடக்கத்தை முடித்துவைத்த நிதிச் சட்டத்தில்தான் இந்த ஓட்டையை அடைத்தார்கள். ஒரு பாக்கெட்டில் மொத்த டிஎச்சி 0.4 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, ஓராண்டு கழித்து அமல். உடனே அந்த அவகாசத்தை நீட்டக் கேட்டு ஹெம்ப் தொழில் முழுவதும் வரிந்துகட்டிக்கொண்டு கிளம்பியது.

தாய்லாந்தில் நடந்ததும் இதே ரகம். 2022 ஜூனில் போதைப்பொருள் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கினார்கள், அதைக் கட்டுப்படுத்தும் முழுமையான சட்டத்தை இயற்றாமலே. கடைகள் புற்றீசல் போலக் கிளம்பின. 2025 ஜூனில் மறுபடி டாக்டர் சீட்டு வேண்டும் என்று திருப்பிக்கொண்டார்கள்.

முதலில் சட்டம் எழுதிவிட்டுக் கதவைத் திறந்த நாடுகளும் இருக்கின்றன. உருகுவே 2013 டிசம்பரில் சட்டம் போட்டது. வீட்டில் ஆறு செடி வளர்க்கலாம், அல்லது சங்கத்தில் சேரலாம், அல்லது பதிவு செய்துகொண்டு மருந்துக் கடையில் மாதம் 40 கிராம் வரை வாங்கலாம். மூன்றில் ஒன்றுதான். விளம்பரம் கிடையாது. 2017இல் மருந்துக் கடைகளில் விற்பனை தொடங்கியதும் எங்கிருந்து தடை வந்தது தெரியுமா? அமெரிக்காவிலிருந்து. கஞ்சா விற்கும் மருந்துக் கடைக்குக் கணக்கு வைத்திருந்தால் தங்களோடு டாலர் பரிவர்த்தனை முடியாது என்று அமெரிக்க வங்கிகள் சொல்ல, உருகுவே வங்கிகள் அந்தக் கடைகளின் கணக்கை மூட ஆரம்பித்தன. கொலராடோவில் கடைகள் கூவிக் கூவி விற்றுக்கொண்டிருந்த அதே காலத்தில் இது நடந்தது.

கனடா 2018 அக்டோபர் 17 முதல் நாடு முழுக்க அனுமதித்தது. அங்கே உறைகள் கவர்ச்சியில்லாமல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும், தின்பண்டப் பாக்கெட் ஒன்றுக்கு டிஎச்சி 10 மில்லிகிராம்தான், கியூபெக்கில் வயது 21, விற்பதும் அரசுக் கடை. ஜெர்மனி 2024 ஏப்ரலில் தொடங்கியபோது கடையே வேண்டாம், வீட்டில் மூன்று செடி, அதிகபட்சம் 500 பேர் கொண்ட லாபநோக்கற்ற சங்கம் என்று நிறுத்திக்கொண்டது. வியாபாரத்தை விரித்துவிடாமல் அனுமதிக்க முடியும் என்பதற்கு இவை உதாரணம். அமெரிக்காவில் இந்த வகைத் திட்டங்களைப் பற்றிப் பெரிதாக யாரும் பேசுவதில்லை. அங்கே தடை, இல்லையேல் தாராளச் சந்தை என்று இரண்டே துருவங்கள்.

காங்கிரஸில் என்ன தடை? கஞ்சாவை அட்டவணையிலிருந்தே நீக்கி, பழைய தண்டனைப் பதிவுகளையும் அழிக்கும் மோர் சட்ட மசோதா 2020 டிசம்பரிலும் 2022 ஏப்ரலிலும் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. இரண்டு முறையும் செனட் எடுக்கவே இல்லை. அங்கே 100 பேரில் 60 பேர் ஆதரவு வேண்டும். ஜனநாயகக் கட்சியினர் பலருக்கு, பதிவுகளை அழிப்பது போன்ற நீதி சார்ந்த பகுதி இல்லாமல் தொழிலுக்கு மட்டும் உதவ மனமில்லை. குடியரசுக் கட்சியில் ஆதரிக்கும் சிலருக்கு நீதிப் பகுதி வேண்டாம். 2021இல் குடியரசுக் கட்சியின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் நான்சி மேஸ் கொண்டுவந்த மசோதா மாநிலங்களே முடிவு செய்யட்டும், மத்திய வரி 3 சதவீதம் போதும் என்றது. மதுவிலக்கு 1933இல் விலகியபோது பின்பற்றிய வழியும் ஏறக்குறைய இதுதான். மத்தியத் தடை போனது, மதுவிலக்கை வைத்துக்கொள்ள விரும்பிய மாநிலம் வைத்துக்கொண்டது. மிஸிஸிப்பி 1966 வரை வைத்திருந்தது.

ஆனால் கஞ்சாவுக்கு அன்று மதுவுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. மத்தியத் தடை இருப்பதால் கஞ்சா மாநில எல்லையைத் தாண்ட முடியாது. அதனால் ஒவ்வொரு மாநிலமும் தனக்குத் தேவையானதைத் தானே விளைவிக்கிறது. நெவாடா பாலைவனத்திலும் மாசசூஸெட்ஸ் குளிரிலும் மின்விளக்குப் போட்டு, குளிர்சாதனம் ஓட்டி, கட்டடத்துக்குள் பயிர் செய்கிறார்கள். நெவாடாவுக்குப் பக்கத்திலேயே ஆரெகனில் வெயிலும் மண்ணும் தோதாக அமைந்து, தேவையைவிட இரு மடங்கு விளைந்து விலை சரிந்து கிடக்கிறது. மத்திய அரசு அனுமதிக்கும் நாளில் வெளிமாநிலங்களுக்கு அனுப்ப வசதியாக ஆரெகன் 2019இலேயே சட்டம் இயற்றி வைத்துவிட்டது. கலிஃபோர்னியாவும் வாஷிங்டன் மாநிலமும் பின்னால் அதேபோலச் செய்தன.

நாடு முழுக்கச் சட்டபூர்வமானால், ரைச் வழக்கில் மத்திய அரசுக்குக் கைகொடுத்த, அரசியல் சாசனத்தின் அதே வணிகப் பிரிவு எதிர்த்திசையில் வேலை செய்யத் தொடங்கும். காங்கிரஸ் தனியாக விலக்கு கொடுத்தாலொழிய, வெளிமாநிலச் சரக்கை ஒரு மாநிலம் தடுக்க முடியாது. நெவாடாவின் கட்டடப் பண்ணைகள் ஆரெகன் விலையோடு போட்டி போட வேண்டியிருக்கும். சில மாநிலங்கள் எண்ணிக்கையை மட்டுப்படுத்திக் கொடுத்த உரிமங்கள் இன்று கோடிக்கணக்கான டாலர் பெறும், அன்று அந்த மதிப்பு என்னவாகும் என்று சொல்ல முடியாது. பெரிய சாராய, சிகரெட் கம்பெனிகளும் களத்தில் இறங்கும். ஆகவே வங்கிக் கணக்கும் 280இயிலிருந்து விடுதலையும் கேட்டு வாஷிங்டனில் நடையாய் நடக்கும் உரிமதாரர்களில் பலர், மாநில எல்லைகள் திறப்பது பற்றி மட்டும் வாயே திறப்பதில்லை. மூன்றாவது அட்டவணை அவர்களுக்கு வரியைக் குறைக்கும், எல்லையை மூடியே வைத்திருக்கும். அவர்கள் பார்வையில் அதைவிட நல்ல ஏற்பாடு வேறு இல்லை.